கண்ணாடிக்காரர் வாங்கிய கோல்

சொந்தமாக ஒரு பில்லியர்ட்ஸ் கோல் வாங்கியே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் அந்த வரலாற்று அறிவிப்பை உடனே வெளியிட முடியவில்லை.

காரணம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் கிளப்பில் மருந்துக்கடைக்காரரிடம் தோற்றிருந்தார். அதற்கு முந்தின சனிக்கிழமையும் தோற்றிருந்தார். உள்ளதைச் சொன்னால், ஆட ஆரம்பித்த மூன்று மாதத்தில் மனிதர் ஒருமுறைகூட ஜெயித்தது கிடையாது. ஊருக்கெல்லாம் கண் பரிசோதனை செய்து கண்ணாடி மாட்டிவிடுகிறவர். ஆனால் நாலடி தூரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பந்தை நேராக அடிக்க வராது. குற்றம் தன்மேல் இல்லை என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. கிளப்பில் பொதுவாகச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கும் கோல்கள் அத்தனையும் கோணல். நுனியில் ஒட்டிய தோல் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு எவன் ஆடுவான்?

வீட்டில் இதைச் சொல்ல முடியாது. ஏனென்றால் வீட்டில் அவர் சாம்பியன். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று இருந்தது. அது பொறுக்காமல்தான் கிளப்புக்குப் போக ஆரம்பித்தார். முதல் வாரம் தோற்று வந்தவரிடம் மனைவி, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். "ஜெயிச்சிட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் வாராவாரம் ஒரு படி ஏற்றிச் சொல்லும்படி ஆயிற்று. நேற்றைய கதையில் ஹாலே எழுந்து நின்று கை தட்டியிருந்தது.

மனைவி தையல்காரி. முன்னறை முழுக்க அவளுடைய மெஷினும் துணியும்தான். வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்தே தோள் அளவு சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தைத்த ஒரு சட்டைகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள், "போதும், இனிமே கிளப் வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமையை எடுத்துவிட்டால் அவருடைய வாரத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

எனவே ஒரு திட்டம் போட்டார். கோலை மனைவியையே பொறுக்கியெடுக்க வைப்பது! தானே பொறுக்கிய பொருளை எந்த மனைவி குறை சொல்வாள்? கோலும் தங்கும், சனிக்கிழமையும் தங்கும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

"ஏம்மா, என் அளவுக்கு ஆடறவன் இன்னும் பொது ஸ்டிக்கை எடுத்து ஆடினா நல்லாவா இருக்கு?"

"நல்லால்லைதான்."

"நீயே வந்து ஒண்ணு எடுத்துக் குடேன்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "சரி, வரேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதிலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் முதல் கேள்வியிலேயே கழுத்தைப் பிடித்தார். "எவ்வளவு நாளா ஆடறீங்க, சார்?"

மூன்று மாதம் என்பது நாக்கு வரை வந்தது. பக்கத்தில் மனைவி. "ரொம்ப நாளா. எங்க கிளப்ல கேட்டுப் பாருங்க."

உடனே ஒரு வெல்வெட் பெட்டி திறந்தது. உள்ளே பாம்பு நெளிகிற மாதிரி முத்துச்சிப்பி வேலை செய்த கோல். விலைச்சீட்டைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்கே கண் இருட்டியது. அப்போது மனைவி வாயைத் திறந்தாள்.

"அண்ணே, இவரு மாதிரிப் பெரிய ஆட்டக்காரங்களை விடுங்க. புதுசா கத்துக்கிறவங்களுக்கு எதைக் கொடுப்பீங்க?"

அவருக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. தனக்கு வேண்டியதைத் தான் கேட்காமலே கேட்கிறாளே!

"அவங்களுக்கு இந்த அலங்காரமெல்லாம் தண்டம்மா. ரெண்டா கழட்டி மாட்டற சாதா மரம் போதும். நேரா இருக்கணும், அதான் முக்கியம். நுனித் தோலு தேஞ்சா மாத்திக்கலாம். எடை மட்டும் அவங்கவங்க கைக்கு ஒத்து வரணும்."

கண்ணாடிக்காரர் ஒரு கோலை எடுத்து, தொழில்காரத் தோரணையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்துக்கும் பார்த்தார். "இது கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு."

அவள் அதை வாங்கிக் கண்ணாடி மேஜைமேல் உருட்டினாள். கோல் டக் டக் என்று துள்ளிக்கொண்டு ஓடியது. "நெளியுதுங்க" என்றாள். இன்னும் ஐந்தை உருட்டினாள். ஆறும் துள்ளின. ஏழாவது மட்டும் சத்தமே இல்லாமல் போய் நின்றது. அதைக் கையில் எடுத்து, குனிந்து, முன்னும் பின்னும் நாலு தரம் ஆட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் லேசா இல்ல?" என்றார் அவர்.

"கைக்கு இதமா இருக்குங்க. இதையே போடுங்கண்ணே."

விலை, அவர் கடையில் ஒரு சாதாரணக் கண்ணாடி பிரேம் விற்கிற விலைதான். திட்டம் பலித்துவிட்டது என்று வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் முழுக்க மெஷின் ஓடியது. கருநீலத் தடித்துணியில் கோலுக்கு ஒரு உறை, உள்ளே மெத்தென்று பழைய போர்வைத் துணி, தோளில் மாட்ட ஒரு பட்டை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஆசையாக எடுத்துத் தோளில் மாட்டினார். பட்டை அக்குளைக் கவ்விப் பிடித்தது. உறை காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவருக்கு ஒரே குஷி. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை!

"இங்க வந்து பாரு! அளவு தப்பிடுச்சு! உனக்கே அளவு தப்பிடுச்சு!"

உள்ளேயிருந்து அவள் வெளியே போகிற உடையில் வந்தாள். உறையை அவர் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் முதுகில் அது வார்த்து வைத்தது போல உட்கார்ந்தது.

"தப்பலையே."

அவருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ எனக்கு?"

"உங்களுக்கு எதுக்குங்க? கோணல் ஸ்டிக்கை வெச்சே ஹாலை எழுந்து நிக்க வெச்சவரு. கத்துக்கப் போறவளுக்குத்தானே நல்லது வேணும்?"

தப்பிக்க ஒரே வழி உண்மை. அவர் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் ஒருநாளும் ஜெயிச்சதில்ல."

"தெரியும்."

"எப்படி?"

"ஜெயிச்சிட்டு வர்றவங்க யாராவது செருப்பை அவ்வளவு மெதுவா கழட்டுவாங்களா?"

"அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"நீங்க சொல்ற கதை நல்லாருக்கும். அதுக்காகவே காத்திட்டிருப்பேன். ஆனா கதை பத்து நிமிஷங்க. அதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் இருக்கே. பொண்ணு போனப்புறம், மெஷினை நிறுத்தினா இந்த வீட்ல ஒரு சத்தமும் இல்ல."

தன் சனிக்கிழமையைப் பறித்துவிடுவாளோ என்று பயந்தாரே தவிர, அவளுடைய சனிக்கிழமை எப்படிப் போகிறது என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேனே."

சேர்ந்தே போனார்கள். அவர் கோணல் கோலில் வழக்கம்போல மருந்துக்கடைக்காரரிடம் தோற்றார். மனைவி முதல் அரைமணி பந்தைத் தவிர எல்லாவற்றையும் அடித்தாள். பிறகு துணி வெட்டும் முன் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை பார்த்து ஒரு பந்தை மூலைக் குழியில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். ஹாலும் எழுந்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் கண்ணாடிக்காரர்தான்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மகளிடமிருந்து போன். "அப்பாவா?" என்றாள் மனைவி. "ஜெயிச்சிட்டாருடி. ஹாலே எழுந்து நின்னு கை தட்டுச்சு."

மெதுவாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். இவளுக்காக எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் தோற்கலாம் என்று தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்று அவர் வார்த்தை தேடுவதற்குள் அவள் போனை வைத்துவிட்டு உறையை அவர் கையில் கொடுத்தாள்.

"என் ஸ்டிக்கைத் தொடச்சு வைங்க. பாத்து, அதையாவது நேராப் பிடிங்க."