இராயப்பன் குறைத்த விண்டோ

நாளைக்குத் தோட்டத்துத் துரை வருவதற்குள் தன் பெண்டாட்டியின் பெயரைத் திரையிலிருந்து ஒழித்துக்கட்டுவது என்று இராயப்பன் தீர்மானித்தார். அவர் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர்.

எண்பத்தொன்பதாம் வருசம். ஆபீஸ் கூரை ஒழுகியதால் தோட்டத்தின் ஒரே கம்ப்யூட்டர் அவர் வீட்டு முன்னறைக்கு வந்து, கம்பளி போர்த்திக்கொண்டு, குடும்பத்தில் ஒருத்தராக உட்கார்ந்திருந்தது. கொழுந்து நிறைக்குக் கணக்குப் போடும் புரோகிராமை எழுதியவள், ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த அவர் மனைவி டோரீன். ‘நான்தான் எழுதினேன்’ என்று துரையிடம் சொல்லிவைத்தவர் இராயப்பன். எழுதியவருக்குக் கொழும்பில் பெரிய பதவி என்று துரையும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இடைஞ்சல் ஒன்றுதான். புரோகிராமைத் திறந்தால் திரையில் விரிகிற விண்டோவின் அடியில் ‘ஆக்கியவர் டோரீன்’ என்று இங்கிலீசில் ஒரு வரி. கால் அங்குலம்கூட இல்லை. அதற்கே ஆம்பளைக்கு மூச்சு முட்டுகிறது. ஏன் என்று கேட்டால் நம்மைச் சண்டைக்காரி என்பார்கள்! வரியை அழிக்கவும் பயம். அழித்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

“ஏ டோரீன், இந்த விண்டோ தொறக்கும்போதே இம்மாம் பெரிசா தொறக்கணுமா?”

“வேணாம்னா குறைக்கலாங்க. அகலத்துக்கு ஒண்ணு, ஒயரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு நம்பர் எழுதியிருக்கேன். அதுல என்னா போடுறோமோ அந்த சைசுலதான் தொறக்கும்.”

“ஒயரத்தைக் குறைச்சா?”

“அடியில உள்ளது தெரியாமப் போயிரும். ஏங்க, அடியில என்னா இருக்கு?”

“ஒண்ணுமே இல்லையே!”

அவள் குழாயடிக்குப் போன நேரத்தில் உயரத்தைக் குறைத்தார். திறந்து பார்த்தார். பெயர் இல்லை! மாதா படத்துக்கு மெழுகுவர்த்தியே ஏற்றிவிட்டார்.

திரும்பி வந்த டோரீன் திரையைப் பார்த்தாள். மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

“அம்சமா இருக்குங்க. நீங்க போய்க் கோட்டைத் தேய்ங்க. நான் மிசினைத் தூசி தட்டி வைக்கிறேன்.”

அவர் கோட்டைத் தேய்த்தார். அவள் தூசியை மட்டும் தட்டவில்லை.

மறுநாள் துரை வந்தார், கொழும்பு ஆட்கள் இரண்டு பேரோடு. இராயப்பன் திறந்து காட்டினார். சின்ன விண்டோ. அதன் அடியில் அழகாக டோரீன். கொழுந்து நிறையின் கூட்டுத்தொகையைத்தான் காணோம்!

“என்னாடி இது?” என்று பல்லுக்குள்ளே உறுமினார்.

“பேரை அடி ஓரத்தோட சேத்துக் கட்டிட்டேங்க. ஓரம் மேல ஏறுனா அதுவும் கூடவே ஏறும்.”

பதறிப்போய் மௌசைப் பிடித்து விண்டோவின் கீழ் மூலையை இழுத்தார். இழுத்ததோ மேல்நோக்கி. நிறை போயிற்று. தேதி போயிற்று. கொழுந்து எடுத்தவர்கள் பெயரெல்லாம் போயிற்று. தீப்பெட்டியளவு விண்டோவில் டோரீன் மட்டும் மிஞ்சினாள்.

“கிளாக்கர், டோரீன் யாரு?”

“என் சம்சாரங்க, தொரை.”

“அப்ப நீங்க என்னா செஞ்சது?”

இராயப்பன் மௌசைத் துடைக்க ஆரம்பித்தார். டோரீன்தான் முன்னால் வந்து பணிவாகச் சொன்னாள்:

“சும்மா சொல்லக்கூடாதுங்க, தொரை. சைசு வச்சது பூரா இவருதான்.”