நரிச் சீட்டு யார்கிட்ட?

மேஜைக்குக் கீழ குனிஞ்சு ரொவீனா தன் சீட்டைப் பாத்தா. ரோஜாப் படம். நரி இல்ல. அப்பாடான்னு மூச்சு விட்டா. அந்த மூச்சுதான் வினையாப் போச்சு.

"என்னடி பெருமூச்சு?" அப்பா டெஸ்மண்ட் திரும்பினாரு.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் மூஞ்சி இப்படி செவக்குது?"

சர்ச் ஹால்ல வருஷா வருஷம் நடக்கிற ரோஜாப் போர் ஆட்டம் இது. அந்தக் காலத்துல இங்கிலாந்து சிம்மாசனத்துக்கு வெள்ளை ரோஜாக் கட்சியும் செவப்பு ரோஜாக் கட்சியும் அடிச்சிக்கிட்ட சண்டை. மேஜை பூரா விரல் உசரத்துக்கு ஈயச் சிப்பாய்ங்க. வெள்ளை ரோஜாவுக்கு அப்பா, ரிட்டையர் ஆன போஸ்ட்மேன் கில்பர்ட் அங்கிள், இந்த வருஷம் புதுசா ரொவீனா. செவப்பு ரோஜாவுக்குக் கறிக்கடை ஹெஸ்கத்தும் அவர் தம்பிங்க ரெண்டு பேரும். ஆறு பேருக்கு ஆறு சீட்டு; அஞ்சுல ரோஜா, ஒண்ணுல நரி. நரி வந்த ஆள் துரோகி. சொல்லாம கொள்ளாம கட்சி மாறி, கூட நிக்கறவனையே அடிக்கலாம். அந்தக் காலத்துப் பிரபுக்கள் அப்படித்தானே பண்ணாங்க! ஆட்டம் முடியற வரைக்கும் சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது.

சின்னப் பொண்ணுக்கு எதுக்குப் படைன்னு ஏற்கெனவே முனகல். இன்னிக்குச் சொதப்பினா இனிமே பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாக்க வேண்டியதுதான். விடறதில்லன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டா.

"உன் ஆளுங்களக் கொஞ்சம் பின்னாடியே நிறுத்தும்மா," ன்னாரு அப்பா. குரல்ல தேன் வழியுது.

அய்யோ, அப்பா சந்தேகப்படறாரு! நான் நரி இல்லன்னு எப்படிக் காட்டறது? ஒரே வழி, முன்னாடி போய் எதிரிய அடிக்கறதுதான். எவ்வளவு தூரம் நகத்தலாம்னு டேப்பை வெச்சு அளந்து மொத்தப் படையையும் தள்ளினா.

தள்ளின இடம் அப்பாவோட வில்லாளிங்களுக்கு நேர் எதிர்ல. இப்ப அவங்க அம்பு விட்டா இவ முதுகுலதான் விழும்.

"ரொம்ப நன்றி கண்ணு!" ன்னு கைதட்டினாரு ஹெஸ்கத்.

"பாத்தியா டெஸ்மண்ட்?" முட்டை சாண்ட்விச்ச மென்னுக்கிட்டே கில்பர்ட் சொன்னாரு. "நரிய வீட்டுக்குள்ளயே வளத்திருக்க."

சொல்லிட்டுத் தன் ஈட்டிக்காரங்கள ஒவ்வொருத்தனா ரொவீனா பக்கம் திருப்பி வெச்சாரு.

"அங்கிள், நான் உங்க கட்சி!"

"நரியும் அதத்தான் சொல்லும்."

சரி, பின்வாங்கி வழிய விடலாம்னு டைஸ் உருட்டினா. ஒண்ணு விழுந்துச்சு. ஒண்ணு விழுந்தா பின்வாங்கல் இல்ல, தலைதெறிக்க ஓட்டம். ஓடினவங்க நேரா அப்பா படைக்குள்ள புகுந்து பாதிப் பேரக் கலைச்சு விட்டுட்டாங்க.

"அடிப்பாவி! சோறு போட்ட கைய கடிச்சிட்டியே!"

"டைஸ்ப்பா, டைஸ்!"

அப்பதான் அவளுக்குச் சுரீர்னு உறைச்சுது. அப்பாவுக்கும் நமக்கும் இடையில மூட்டி விட்டது யாரு? முதல்ல ஈட்டிய திருப்பினது யாரு? கில்பர்ட்! அவர்தான் நரி. அப்பாவ இப்ப நாமதான் காப்பாத்தணும். மிச்சம் இருந்த குதிரைங்கள அப்படியே கில்பர்ட் மேல விட்டா.

"ஆரம்பிச்சிட்டா!" ன்னு அப்பா பீரங்கியத் திருப்பினாரு.

"பெத்த பொண்ணு மேலயா சுடறீங்க?"

"ஆட்டம்னு வந்துட்டா பொண்ணாவது, பொண்டாட்டியாவது!"

குண்டு தப்பி கில்பர்ட் மேல விழுந்துச்சு. "ஓஹோ, நீதானா டெஸ்மண்ட்!" ன்னு அவரும் அப்பா மேல பாய்ஞ்சாரு.

இந்தச் சந்தர்ப்பத்துல ஹெஸ்கத் சும்மா நடந்து வந்தாலே ஜெயிச்சிருக்கலாம். ஆனா அவரு, தம்பிங்களோட குதிரைப்படைய மலைக்குப் பின்னாடி பூட்டி வெச்சிருந்தாரு. "உங்கள நம்பி எவன் முதுகக் காட்டுவான்? அம்மா வெச்ச கேக்கையே திருடித் தின்னவனுங்க!" தம்பிங்க கோவத்துல அண்ணனையே குத்த ஆரம்பிச்சாங்க.

கடைசில கில்பர்ட்ட அடிக்க ரொவீனா டைஸ் உருட்டி ஒரு ஆறு போட்டா. அந்த அடில, கில்பர்ட்டோட சண்டைக்கு நடுவுல மாட்டியிருந்த அப்பாவோட ராஜா குப்புற விழுந்தாரு. ஆட்டம் முடிஞ்சுது.

"நரிய காட்டுடி!" எல்லாரும் ஒரே குரல்ல.

கண்ணு கலங்குது. ஆனாலும் நிமிந்து நின்னு சீட்டை டொப்புனு மேஜைல அடிச்சா. ரோஜா.

"அப்ப கில்பர்ட்!" ரோஜா. "டெஸ்மண்ட்!" ரோஜா. ஹெஸ்கத், ரோஜா. தம்பிங்க ரெண்டு பேரும் ரோஜா.

ஆறு பேரும் மலங்க மலங்க முழிக்கறாங்க. ஹாலைப் பாத்துக்கற ஆலிவ் ஆன்ட்டி டீத் தட்டோட வந்து எட்டிப் பாத்தாங்க.

"நரிப் படத்தையா தேடறீங்க? காலைல இந்த மேஜை ஒரே ஆட்டம். அத மடிச்சுக் காலுக்கு அடில சொருகிட்டேன். சீட்டு ஒண்ணு கொறஞ்சா நீங்க அடிச்சிக்குவீங்களேன்னு, பதிலுக்குப் பெட்டில மிச்சம் இருந்த ஒரு ரோஜாவையும் நான்தான் போட்டு வெச்சேன்."