வலி இல்லாவிட்டால் வாருங்கள்

அன்பும் படிப்பும் ஒருங்கே வாய்த்த மகளுக்கு, அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தி ஓய்வுபெற்ற உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறோம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி எங்கள் பகுதி மருத்துவமனைக்காக நீ எழுதிய துண்டறிக்கையை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தாய் அல்லவா? செல்கள் கட்டுமீறிப் பெருகிக் கட்டியாகாமல் அடக்கிவைக்கும் மரபணு ஒன்று நம் உடம்பிலேயே இருக்கிறது, கருப்பைவாயில் குடியேறும் வைரஸ் அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது, இதெல்லாம் வருடக்கணக்கில் ஓசைப்படாமல் நடக்கும் என்று நீ எழுதியிருந்ததை நான்கு தடவை படித்தேன். புரிந்துவிட்ட பெருமையில் கை சும்மா இருக்கவில்லை. "வலி இல்லாவிட்டாலும் பரிசோதனைக்கு வாருங்கள்" என்ற வரியில் ஒரு 'உம்' அதிகமாகப் பட்டது. அடித்துவிட்டேன். இரண்டாயிரம் பிரதி அச்சாகி வீடு வீடாகப் போய்விட்டது.

மறுநாளே நர்ஸம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"சார், வாசல்ல கூட்டம் தாங்கலை! ஆளாளுக்கு 'எனக்கு வலியே இல்லை, சத்தியமா'ங்கறாங்க. இடுப்பு வலிக்குதுன்னு ஒரு அம்மா திரும்பியே போயிட்டாங்க. தெருமுனை வரைக்கும் ஓடிக் கூட்டிட்டு வந்தேன்!"

பேனாவோடு ஓடினேன். கண்ணில் பட்ட அறிக்கையிலெல்லாம் 'உம்' போட்டுக்கொண்டே வந்து நிமிர்ந்தால், வரிசையில் ஒன்பதாவது ஆள் உன் அம்மா! நீ எத்தனை கெஞ்சியும் "எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே" என்று தட்டிக்கழித்தவள்.

"நீ எங்கே இங்கே?"

"எனக்குத்தான் வலி இல்லையே. கூப்பிட்டிருக்காங்க, வந்தேன். நீங்க ஏன் பேந்தப் பேந்த முழிக்கிறீங்க?"

மூன்று வாரம் கழித்து நேற்று முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் சில செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, இப்போதே எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டர். இருபதாம் தேதி சிகிச்சை, அன்றே வீடு. அம்மா மெல்ல, "அப்போ அந்த மரபணு இத்தனை வருஷமா லீவே போடாம எனக்காக வேலை பார்த்துச்சா டாக்டர்? பாவம், முடியலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். டாக்டருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. ஆய்வுக்கூடத்தைப் போட்டுவிட்டு ஓடிவராதே. நாங்கள் தைரியமாகவே இருக்கிறோம். நோய்நொடி இல்லாமல், போதிய தூக்கத்தோடு நீ நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: கடைசிப் பத்தி முழுக்க அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது. இப்போது துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். நேற்றிலிருந்து உன் பழைய உடைகளைப் பீரோவிலிருந்து எடுத்து மடிக்கிறாள், பிரிக்கிறாள், திரும்ப மடிக்கிறாள். எனக்கும் ராத்திரி தூக்கமில்லை. பத்தொன்பதாம் தேதியே வந்துவிடு கண்ணு. நான் கூப்பிட்டதாகச் சொல்லாதே.