உத்திராபதி கழற்றிய பின்விளக்கு

இதை எனக்கு முதலில் சொன்னவன், செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் உத்திராபதி. பாதிதான் சொன்னான். மறுபாதி அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அவன் மனைவி நீலாவதி, வல்லம் ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளர். அவர்களிடம் பழைய மாடல் வெள்ளைக் கார் ஒன்று உண்டு. பதிவு அவன் பெயரில், தவணை கட்டியது அவள் சம்பளத்தில், ஓட்டுபவளும் அவளே. அதே மாடலில், அதே வெள்ளையில் என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் நான் பிரேக்கை மிதிக்க, என் தம்பி ஜெயராமன் பின்னால் நின்று விளக்குகளைச் சரிபார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுவான். என் வண்டியில் ஒரு விளக்கு எரியவில்லை என்று எவரும் சொன்னதில்லை. சென்ற மாதத்து ஒரு வியாழக்கிழமை வரை.

அன்று மாலை நூலகத்திலிருந்து சிங்கவரத்திலுள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன். ஜெயராமன் பனியனோடு வந்து வாசற்கதவைத் திறந்தான். பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர் சீறி வந்து நின்றது.

"நீலா, எறங்கு கீழ. யாரு ஊடு இது? யோவ், நீ யாருய்யா பனியனோட?"

இறங்கினேன். ஸ்கூட்டர் அணைந்தது. உத்திராபதியும் அணைந்தான்.

"டீச்சர், உங்க வண்டியா?"

"ஒன்பது ஆண்டுகளாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்."

"பின்னாடி ஒரு லைட்டு எரியல டீச்சர். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நீலா என்றாயே."

"லைட்டு நீலமா இருந்துச்சோன்னு..."

"பின்விளக்கு சிவப்பு, உத்திராபதி. சட்டைப்பையில் என்ன?"

வெளியே எடுத்தான். கார் பல்பு ஒன்று. அதற்குப் பிறகு அவனே கொட்டத் தொடங்கினான்.

"அந்த மெக்கானிக் எழிலரசன் இருக்கான் பாருங்க டீச்சர். அவன் பேரச் சொல்லும்போது மட்டும் சிரிக்கிறா. பத்து தடவ எண்ணிட்டேன். அவன் டீ குடிக்க மாட்டானாம், சுக்குக் காப்பிதானாம். இது இவளுக்கு எப்டித் தெரியும்? எனக்கு இன்னா புடிக்கும்னு கேட்டா, 'எதக் குடுத்தாலும் முழுங்குவீங்க'ன்றா."

"அதற்கும் பல்புக்கும் என்ன தொடர்பு?"

"சாயங்காலம் என் கட வழியாத்தான் வருவா. ரோடு பூரா வெள்ள வண்டி. எதுன்னு கண்டுபுடிக்கறது? காலைல அவ குளிக்கப் போனப்ப ஒரு பல்பக் கழட்டிட்டேன். ஒத்தக் கண்ணோட போற வண்டி அவன் ஒர்க்ஷாப் பக்கம் திரும்பிச்சின்னா, வித்துடறதுன்னு முடிவு. வண்டி புரோக்கர் பெரியதம்பிகிட்ட வெலகூடப் பேசிட்டேன். அப்புறம் பஸ்ல போவட்டும்."

"ஒரு விளக்கு எரியாத வண்டி மெக்கானிக்கிடம் போகாமல் வேறு எங்கே போகும்?"

உத்திராபதி யோசித்தான். ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கின் முன் நின்றபோதும் முகம் இப்படித்தான் இருந்தது.

"அத நான் நெனைக்கல டீச்சர்."

முதலில் பெரியதம்பிக்குப் போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லவைத்தேன். இரண்டாவதாக, என் பின்விளக்கின் சிவப்பு மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பல்பே இல்லை. ஜெயராமனை முறைத்தேன். ஜெயராமன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து தன் கையொப்பத்தைக் காட்டினான். நான் அதைப் பார்க்கவில்லை. தன் பையிலிருந்த பல்பையே உத்திராபதி மாட்டினான். எரிந்தது. மூன்றாவதாக, விலை கேட்டேன். இனாமாக எதையும் நான் வாங்குவதில்லை.

"உங்ககிட்டப் போயி காசா டீச்சர்? நாப்பத்தஞ்சு ரூபா."

கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

மறுபாதியை ஞாயிற்றுக்கிழமை நீலாவதி வந்து சொன்னாள். குறிப்பேட்டோடு நானும் ஜெயராமனும் காருக்கு அருகில் நின்றிருந்தோம். இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

"மன்னிச்சிடுங்க டீச்சர். உங்க பல்ப எடுத்தது நான்தான்."

ஜெயராமன் என்னைப் பார்த்தான். நான் கோட்டை மலையைப் பார்த்தேன்.

"வியாழக்கெழம பெரியதம்பி எனக்கே போன் பண்ணி, வண்டிக்கு இன்சூரன்ஸ் எப்ப முடியுதுன்னு கேட்டாரு. அப்பவே சந்தேகம். ஆபீஸ் செவுத்துக்கு முன்னாடி ரிவர்ஸ் எடுத்தேன். செவுத்துல ரெண்டு செவப்பு தெரியணும். ஒண்ணுதான் தெரிஞ்சுது. மூடியத் தெறந்தா பல்பு இல்ல. பீஸ் போன பல்பு உள்ளயேதான டீச்சர் இருக்கும்? எழுந்து நடந்தா போவும்? காலைல எங்க வீட்டுக்காரரு மூணு தடவ, 'இன்னிக்கு எந்த வழியா வர'ன்னு கேட்டாரு. சரின்னு நூலகத்துக்கு வந்தேன். உங்க வண்டி நின்னுக்கினு இருந்துச்சி. உங்கள்தக் கழட்டி என் வண்டியில மாட்டிட்டேன். ரெண்டு நிமிஷ வேல. எழிலரசன் கத்துக் குடுத்தது. 'இதுக்கெல்லாம் என் கடைக்கு அலையாதீங்கக்கா'ன்னு சொல்லித்தான் குடுத்தாரு."

"ஊரில் எத்தனையோ வண்டி இருக்க, என்னுடையது எதற்கு?"

"அவரு பயப்படறது ரெண்டே பேருக்கு டீச்சர். இன்னொருத்தி நான்."

இதற்கு மேல் கோபத்தை நீட்டிக்க எனக்கு வழி தெரியவில்லை.

"வீட்டில் என்ன சொன்னான்?"

"வந்ததும் 'பிரேக்க மிதி'ன்னாரு. மிதிச்சேன். ரெண்டும் எரிஞ்சுது. தீபாராதன பாக்கற மாதிரி பின்னாடியே நின்னாரு. 'பல்பு எங்க வாங்கின'ன்னாரு. 'எதுக்கு வாங்கணும்? எதுனா காணாமப் போச்சா'ன்னேன். 'சும்மா கேட்டேன்'னுட்டு ஸ்கூட்டரத் தொடைக்கப் போனாரு. இப்ப ரெண்டு நாளா சாயங்காலம் நானே எழிலரசன் ஒர்க்ஷாப்புக்குப் போறேன்."

"எதற்கு?"

"எங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கினு வரத்தான். கடைய அஞ்சரைக்கே சாத்திட்டு அங்க போயி உக்காந்துக்கறாரு, நான் வரேனா வரலையான்னு பாக்க. அவருக்கும் இப்ப சுக்குக் காப்பிதான்."

பிறகு கைப்பையைத் திறந்தாள்.

"சட்டையத் தொவைக்கப் போட்டாரு. பையில மடிச்ச பணம். 'ஏது இது'ன்னு கேட்டேன். 'டீச்சருக்கு ஒரு பல்பு வாங்கிக் குடுத்தேன்'னாரு. என் பல்ப உங்களுக்கே வித்திருக்காரு பாருங்க. இந்தாங்க."

வாங்கி எண்ணினேன். நான் கொடுத்த அதே நோட்டுகள், அதே மடிப்பு. குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதினேன். ஜெயராமனிடம் மன்னிப்புக் கேட்கும் வகையில் அவனையே கையொப்பமிடச் சொன்னேன்: வரவு, ரூபாய் நாற்பத்தைந்து.