விளையாடாத விமர்சகரும் 'தோணிக்காரி'யும்

உலகில் வெளியாகும் கணினி விளையாட்டுகளின் தலைவிதி அமெரிக்காவிலோ ஜப்பானிலோ தீர்மானிக்கப்படுகிறது என்று நம்புகிறவர்கள் வாழைச்சேனைக்கு வந்ததில்லை. அது துறைமுக வீதியில், சாலிஹ் நானாவின் தேநீர்க் கடையில், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசையில் தீர்மானிக்கப்படுகிறது. தீர்மானிப்பவர் ஜெயராஜா அண்ணன். வாவியில் எத்தனையோ பேர் வலை வீசுகிறார்கள், விழுவது மீன். அண்ணன் வைத்திருப்பது வலைப்பூ. அதில் விழுவது உலகம்.

'ஜெயராஜாவின் தீர்ப்பு' என்ற அந்த வலைப்பூவுக்கு நான் 'செய்தி ஆசிரியர்'. கைப்பேசியில் வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் கடமை. "புதிய கார்ப் பந்தய விளையாட்டு அடுத்த ஆண்டு வரலாம்; வராமலும் போகலாம்" என்று நான் எழுதிய செய்தி இன்றுவரை பொய்த்ததில்லை.

அண்ணனின் பகுதி 'கருத்து'. தான் கருத்துச் சொல்லும் எந்த விளையாட்டையும் அவர் விளையாடுவதில்லை. அவருடைய கணினியில் விளையாட்டு ஒன்றைத் திறந்தால், அது வயல் உழும் மெசின் போல உறுமிவிட்டு அணைந்துவிடும் என்பது எதிரிகள் பரப்பும் காரணம். உண்மைக் காரணம் கொள்கை.

"விளையாடினா பக்கச்சார்பு வந்திரும், ரதீஸ்," என்பார் என்னிடம். "நீதவான் களவெடுத்துப் பாத்திட்டா தீர்ப்புச் சொல்றாரு?"

முகப்புப் படத்தைப் பார்ப்பார். கண்ணை மூடுவார். பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டுவிடுவார்.

இப்படி உலகம் ஒழுங்காகச் சுழன்றுகொண்டிருந்தபோதுதான் பனிச்சங்கேணியில் பிரஷாந்தி என்ற பெண், கைப்பேசியில் விளையாடும் விளையாட்டு ஒன்றைத் தானே உருவாக்கி எங்களுக்கு அனுப்பினாள். பெயர் 'தோணிக்காரி'. ஒரு பெண் தோணியில் போய் வாவியில் வலை போடுகிறாள். அண்ணன் படத்தைப் பார்த்தார். பெண் இருந்தாள், தோணி இருந்தது, தண்ணீர் இருந்தது. தீர்ப்பு வெளியானது: "மீனே இல்லாத மீன்பிடி விளையாட்டு. பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் தண்ணீருக்கு."

சில நாட்களில் அவள் தேநீர்க் கடை வாசலில் வந்து நின்றாள்.

"ஜெயராஜா அண்ணன் ஆரு?"

"ஆசிரியர் குழுக் கூட்டம் நடக்குது," என்றேன். கூட்டத்தில் அண்ணன், நான், ஒரு தட்டுப் பருப்பு வடை ஆகியோர் சமூகமளித்திருந்தோம்.

"மட்டக்களப்பில நடக்கிற இளைஞர் கண்காட்சியில எனக்கு ஒரு மேசை தந்திருந்தாங்க. இப்ப இல்லையாம். விளையாட்டின்ட பேரத் தேடினா உங்கட எழுத்துத்தான் முதல்ல வருதாம். மீன் இல்லாத மீன்பிடி விளையாட்ட எப்பிடி வைக்கிற எண்டு கேக்கிறாங்க."

அண்ணனின் முகம் மலர்ந்தது. "மட்டக்களப்பிலயும் நம்மள வாசிக்கிறாங்களா?"

"நீங்க விளையாடிப் பாத்தீங்களா அண்ணன்?"

"தங்கச்சி, விளையாடுற வேற, விமர்சிக்கிற வேற."

"என்ட அம்மா வாவியில எப்பிடித் தோணி விடுறாவோ, எப்பிடி வலை போடுறாவோ, அப்பிடியே பாத்துப் பாத்துச் செஞ்சன். மீன் தண்ணிக்குக் கீழ கிடக்கு. வலை போட்டாத்தானே தெரியும்!"

கைப்பேசியை அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு வடையாவது கொடுத்துச் சமாளித்திருக்கலாம்.

சாலிஹ் நானா கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி வந்தார். "ஒருக்கா விளையாடித்தான் பாருங்களன் தம்பி. தேத்தண்ணி குடிக்காமலே சீனி காணாது, இன்னும் போடு எண்டு சொல்ற மாதிரியெல்லோ இருக்கு."

கடையில் இருந்த கடற்றொழிலாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிறுவனத்தின் மானம் மேசைக்கு வந்துவிட்டது. பதவிப் பிரமாணம் எடுப்பவர் போல அண்ணன் அவளுடைய கைப்பேசியை இரு கைகளாலும் வாங்கினார்.

திரையில் தோணி போன வேகத்தில் கரையோரக் கண்டல் மரத்தில் மோதியது.

"இடப்பக்கம் திரும்புங்க அண்ணன்! கிறுகுங்க!"

மறுபடி மோதியது. பிறகு எப்படியோ நடு வாவிக்குப் போய் வலை விழுந்தது. வலையில் ஏதோ துள்ளியது.

"இறால்! டேய் ரதீஸ், இறால்டா!"

அண்ணன் உட்கார்ந்திருந்த வாங்கின் மேலேயே ஏறி நின்றார். தேநீர் ஆறியது. வேறு யாரோ என் வடையைத் தின்றார்கள். "அங்கால போடு வலைய! அங்கால!" என்று தன் விரலுக்கே கட்டளையிட்டார். பிரஷாந்தி கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். கைப்பேசியைத் திருப்பி வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"இப்பயாவது மாத்தி எழுதுவீங்களா அண்ணன்?"

அண்ணன் இறங்கி அமர்ந்து, சட்டையைச் சரிசெய்து, பழைய கம்பீரத்தை அணிந்துகொண்டார். "அதான் ஏலாது, தங்கச்சி. விளையாடிட்டன். பிடிச்சும் போயிட்டு. இப்ப நான் பக்கச்சார்பான ஆள். முந்திச் சொன்னதுதான் சுத்தமான தீர்ப்பு."

ஆசிரியர் குழு இதை ஏகமனதாக ஏற்றது. வடையின் கருத்தைக் கேட்க வழி இருக்கவில்லை. பிரஷாந்தி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆனால் சாலிஹ் நானா, வாங்கில் ஏறிய அண்ணனைக் காணொளியாக எடுத்திருந்தார். "வாழைச்சேனையில் வாங்கு மேல் இறால்" என்று அது ஊர் ஊராகப் போனது. வளர்ந்த ஒரு மனிதரை இப்படிக் கூத்தாட வைக்கும் விளையாட்டு எது என்று கண்காட்சிக்காரர்களே விசாரித்து, பிரஷாந்தியை அழைத்து, வாசலோரம் மேசை போட்டுக் கொடுத்தார்கள். சனம் வரிசையில் நின்றது. அவளுடைய தாய் கண்ணகையும் நின்றார். முறை வந்ததும், "தோணிய விட்டிட்டு ஏன்கா இவள் பாத்துக்கொண்டு நிக்கிறாள்? போகச் சொல்லு!" என்று திரையிலிருந்த பெண்ணை ஏசிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றார்.

அன்று மாலையே எங்கள் வலைப்பூ அறிவித்தது: "'தோணிக்காரி'யின் மாபெரும் வெற்றிக்கு வித்திட்டது எமது விமர்சனமே." கீழே பழைய புள்ளி அப்படியே இருந்தது: பத்துக்கு இரண்டு.

கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் நெகிழ்ந்துபோய் என்னிடம் கேட்டார்: "நான் மட்டும் இல்லாட்டி அந்தப் புள்ளையின்ட நிலைமை என்னாகியிருக்கும்? யோசிச்சுப் பார் ரதீஸ்."

யோசித்துப் பார்த்தேன். அவர் மட்டும் இல்லாவிட்டால், முதலில் கொடுத்த மேசையிலேயே அவள் நிம்மதியாகப் போய் உட்கார்ந்திருப்பாள்.