சமையலறையில் புகை

அன்புள்ள ஞானமகன் அதேரித்துவுக்கு,

கோயிலில் உன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது நீ கத்திய கத்தலை இன்னும் காதில் வைத்திருக்கும் உன் ஞானத்தாய் ஜுல்மீரா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஸ்விஸ் லோசான் குளிரில் நீயும் செலியாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் முழங்கால்களும் என் கோழிகளும் இருக்கிறோம். இவற்றில் கோழிகள் சுகம். ஃபோனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் உனக்குப் பின்னால் யாராவது கான்கிரீட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

ஆகஸ்டில் நீ வந்திருந்தபோது மலையில் காடு எரிந்ததைப் பார்த்துப் பயந்துபோய், திருடனுக்காக மாட்டியிருந்த அலாரம் பெட்டியோடு புகை கண்டுபிடிக்கும் வட்டங்களையும் சேர்த்து இணைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியன் இலீதியுவிடம் ஒப்படைத்துவிட்டு, சாவியை என் கையில் திணித்துவிட்டுக் காரேறிப் போய்விட்டாய். பூட்டிக் கிடக்கும் வீடுதானே, ஞானம்மா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பாய். அவன் வந்தான். கூடத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, சமையலறை உத்திரத்தில் ஒன்று என்று மாட்டினான். வயரை எல்லாம் வாசல் பக்கத்துப் பெட்டிக்கு இழுத்தான். “அத்தை, இதுல ஒண்ணுக்குப் புகை தெரிஞ்சா போதும், எல்லாம் சேந்து கத்தும். பெட்டி ஒங்களுக்கு ஃபோன் பண்ணும். அப்புறம் அதேரித்துவுக்கு. யாரும் நம்பர் அமுக்கி நிறுத்தலேன்னா தீயணைப்புக்காரங்களுக்கு” என்றான். சரி என்றேன். பார்த்துவிடலாம் என்று ஒரு பேப்பரைக் கொளுத்தினான். அன்று ஞாயிற்றுக்கிழமை, எதிரே கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. சைரன் அலறிய அலறலில் பாதிரியார் அப்பத்தைத் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார். என் கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. நிறுத்தும் நம்பரை இலீதியு எழுதி வைத்திருந்ததே அந்தப் பேப்பரில்தான் என்பது அது எரிந்து முடிந்த பிறகு தெரிந்தது. தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. தீயணைக்கும் ஊர்த் தொண்டர்கள் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டை விட்டு ஓடி வந்தவர்கள். நெருப்பில்லை என்றதும் அவர்களுக்கு வந்த கோபத்தை ஆற்ற, நான் தொங்கவிட்டிருந்த நல்ல சாசேஜ் அத்தனையையும் பொரித்துப் போட வேண்டியதாயிற்று. அந்தப் புகை ஜன்னல் வழியாகப் பக்கத்திலிருக்கும் உன் வீட்டுக்குள் போய் மறுபடியும் அது கத்தியது. அன்று உனக்கு எத்தனை ஃபோன் வந்ததோ, நீ கோபித்துக்கொண்டு, “ஞானம்மா, இனிமே எனக்கு வராத மாதிரி பண்ணிட்டேன், நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டாய். ஞாபகமிருக்கிறதா? அதனால்தான் இதற்குமேல் நான் சொல்லப்போவது எதுவும் உனக்குத் தெரியாது.

செஸ்ட்நட் கொட்டைகள் விழ ஆரம்பித்த சமயம். மத்தியானம் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. அந்தப் பெட்டியின் பெண் குரல்: “சமையலறை. புகை.” அவ்வளவுதான் சொல்லும். “நீ யாரம்மா, எங்கேயிருந்து பேசறே?” என்று முதலில் நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது பெட்டி பேசுகிறது என்று இலீதியு சொன்ன பிறகு விட்டுவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். சைரன் நாலு அலறல் அலறிவிட்டு நான் வேலிக்கதவைத் தொடும்போது நின்றுவிட்டது. வாசற்கதவு பூட்டியபடி. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. பழுதுதான், இலீதியு இணைத்தால் வேறென்ன ஆகும் என்று திட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அடுப்படிக் கல்லில் கையை வைத்தேன். அதேரித்து, கல் சுட்டது.

நான் பயப்படுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு ஜெபமாலை சொன்னேன், அவ்வளவுதான்.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் சைரன் நான் போவதற்குள் நின்றுவிடும். ஒரு நாள் ஜன்னலோரம் இருந்த நாற்காலி அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒரு நாள் கழுவிக் கவிழ்த்த கிண்ணம், அதிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விறகு அடுக்கியிருந்தது. அதுவும் எப்படி? பெரியது கீழே, பட்டை உள்பக்கம் பார்த்து, கோயில் கட்டுகிற மாதிரி. இலீதியுவைக் கூப்பிட்டுச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன்.

“டேய், நம்பர் தெரிஞ்சவங்க மூணே பேரு. அதேரித்து ஸ்விஸ்ல இருக்கான். நான் என் வீட்டுல சூப் குடிக்கிறேன். மிச்சம் யாரு?”

“அத்தை, ஒங்க சூப்பைக் கேட்டு வாங்கிக் குடிக்க எனக்கு வாய் இருக்கே. பூட்டின வீட்டுல பூந்து சமைக்க எனக்கென்ன தலையெழுத்து?”

“அப்போ யாரு நிறுத்தறது?”

பெட்டியைத் திறந்து எதையெதையோ அமுக்கிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. “நம்பர் சரியா அமுக்கித்தான் நிறுத்தியிருக்கு. ஆனா கூடத்துல ஆள் நடமாட்டம் பாக்கற கண்ணு ஒண்ணு இருக்கில்ல, அது ஒங்களைப் பாத்திருக்கு அத்தை. தெனமும் பாத்திருக்கு. ஒங்களுக்கு முன்னாடி யாரையும் பாக்கல.”

“அப்ப அது குருடு.”

“குருடுன்னா ஒங்களையும் பாத்திருக்காதே.” மெதுவாகச் சொன்னான். பிறகு கருவிகளை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டீ கூட வேண்டாம் என்று கிளம்பினான். இலீதியு ஓசி டீயை வேண்டாமென்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் நான் ஒன்று தீர்மானித்தேன். எவனோ வீடுவாசலில்லாதவன் குளிருக்கு ஒதுங்குகிறான். திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போவான், இவன் கிண்ணம் கழுவிவைக்கிறானே! ஆகவே சாப்பாட்டுக்கு முன்பே போய், கையில் ரொட்டி தேய்க்கும் உருளைக்கட்டையோடு உன் கூடத்தில் வாசற்கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். சாவித் துவாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. கதவு அசையவில்லை. வெளியே காற்று கூட இல்லை. ஒரு வீடு அவ்வளவு சத்தமில்லாமல் இருக்கக் கூடாது, அதேரித்து. பல்லி ஊர்ந்தால் கேட்கும். அப்போது எனக்குப் பின்னால், சமையலறையில், விறகு ஒன்று பட்டென்று வெடித்தது.

எழுந்தேன். முழங்கால்கள் எழவில்லை, அவற்றை இழுத்துக்கொண்டுதான் போனேன்.

உன் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அடுப்பைப் பார்த்துப் போட்ட நாற்காலியில், மெல்லிய வெள்ளைச் சட்டையோடு, கோட்டு கூட இல்லாமல், அடியில் ஓட்டை போட்ட வறுவல் வாணலியில் செஸ்ட்நட் வறுத்துக்கொண்டிருந்தார். வசந்தத்தில் தோட்டத்தில் விழுந்து இடுப்பு முறிந்து டவுன் முதியோர் இல்லத்துக்குப் போனதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறி இறங்க என் முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. மெலிந்திருந்தார். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பு இவ்வளவு நன்றாகக் கூடிவிட்டது என்று நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

“யாரு, ஜுல்மீராவா? கதவச் சாத்து. கட்டையைக் கீழ வை. யாரை அடிக்க வந்தே?”

“அபீலியு அண்ணே! எப்படி வந்தீங்க?”

“இதென்ன கேள்வி? என் வீட்டுக்கு நான் எப்படி வருவேன்?”

அதற்குள் வட்டங்கள் எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்தன. அவர் அவசரப்படவேயில்லை. எழுந்தார், என்னைக் கடந்து வாசல் பக்கம் போனார், பெட்டியில் நாலு எண்ணை அமுக்கினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் கடந்துபோனபோது என்மேல் அடித்தது சூடு இல்லை, பாதாள அறைக் கதவைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர். கோட்டில்லாமல் வந்த மனுஷர், பின்னே எப்படி இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

“நம்பர் யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? எம் மவன் வேற எந்த நம்பரை வெப்பான்? அவங்கம்மா கண்ணை மூடின வருஷம்.” வாணலியைக் குலுக்கினார். உத்திரத்தைக் காட்டி, “அந்த வட்டத்தை அங்க மாட்டினது யாரு?” என்றார்.

“ஒங்க பையன்தான். வீடு எரிஞ்சிறக் கூடாதுன்னு பயம்.”

“வீடு எரியக் கூடாதுன்னு அடுப்பே எரியாம பண்ணிட்டான். இந்த உத்திரக் கட்டைக்குப் புகை வேணும் பொண்ணே. புகை இல்லேன்னா புழு தின்னுரும். ரெண்டு மழைக்காலம் தாங்காது. அதான் வந்து வந்து மூட்டிட்டுப் போறேன்.”

“அவன்கிட்ட சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம். அவன் எங்க காதைக் குடுக்கறான்?” சிரித்தார். அவருடைய பழைய சிரிப்பு, ஒரு பக்கப் பல் மட்டும் தெரியும். “எப்ப வரான்?”

“ஆகஸ்ட்ல.”

“ஆகஸ்ட்” என்றார். அந்த மாதத்தின் பேரை முன்பு எங்கேயோ கேட்டதுபோல் சொன்னார். ஒரு கைப்பிடி கொட்டைகளை எடுத்து என் ஏப்ரனில் போட்டார். சுடச்சுட இருந்தன. தின்றேன், நல்ல வறுவல். வெறும் வயிற்றோடு இருக்கிறாரே என்று, “இருங்க அண்ணே, சூப் சுடவெச்சிட்டு வரேன்” என்று வீட்டுக்கு ஓடினேன். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது நாற்காலி காலி. தணலைச் சாம்பலால் மூடி, மேலே சாம்பல் கரண்டியால் சிலுவை போட்டிருந்தது. பின்கதவைப் பார்த்தேன், உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. தன் வீட்டுக்குள் புகவும் வெளியேறவும் அந்த மனுஷருக்கு நமக்குத் தெரியாத வழி நூறு இருக்கும். நின்று சூப் குடிக்க என்ன அவசரமோ. அந்த நேரத்துக்கு டவுனுக்குப் பஸ்ஸும் கிடையாது.

இப்போது நான் சொல்வதைக் கேள். இடுப்பு முறிந்து கூடிய கிழவரைக் கோட்டு கூட மாட்டாமல் தினமும் தெருவில் விடும் அது என்ன இல்லம்? அவர்களை ஃபோனில் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள். நீ கேட்காவிட்டால் நான் கேட்கிறேன். இரண்டாவது, சமையலறை உத்திரத்தில் இருக்கும் அந்த வட்டத்தின் வயரைப் பிடுங்கச் சொல்லி இலீதியுவுக்கு உத்தரவு கொடு. மனுஷர் தன் அடுப்பைத் தான் மூட்டுவதற்கு ஊரைக் கூட்ட வேண்டுமா? மூன்றாவது, அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து வை. நான் பக்கத்தில்தானே இருக்கிறேன். சூப் போட எனக்கு முழங்கால் தேவையில்லை. நடக்கிறார், விறகு அடுக்குகிறார், கிண்ணம் கழுவுகிறார், என்னைக் கேலி செய்கிறார். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன ஆரோக்கியம் வேண்டும்? கிறிஸ்துமஸுக்கு வந்து ஏற்பாடு செய்.

செலியாவுக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. கான்கிரீட் தூசி நெஞ்சில் கட்டாமல் இருக்க தேன் சாப்பிடு. எல்லாத் தீங்கிலிருந்தும் மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் ஞானத்தாய்,
ஜுல்மீரா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் பொறுக்காமல் நானே இல்லத்துக்கு ஃபோன் போட்டேன். எடுத்த நர்ஸைப் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தப் பெண் முழுக்கக் கேட்டுவிட்டு, “அம்மா, நீங்க வேற யாரையோ சொல்றீங்க. அபீலியு தாத்தா ஆகஸ்ட் கடைசிலேர்ந்து கட்டிலை விட்டு எறங்கல. ரெண்டு பேரு பிடிச்சுதான் திருப்பிப் போடறோம். பேச்சும் நின்னுபோச்சு. மகனுக்குச் சொல்ல எத்தனையோ தடவை கூப்பிட்டோம், அவர் எடுக்கல” என்றாள். ஃபோனை வைக்கப் போனேன். அவள் விடவில்லை. “கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. அவரைப் பாக்க யாராவது ஒளிஞ்சு வராங்களா? மத்தியானம் தூங்கி எழுந்திரிச்சா சட்டையெல்லாம் விறகுப் புகை வாசம். நகத்துல கரி. தொடைச்சு விடறோம், மறுநாளும் அதே. எங்க புகை மணி ஒண்ணும் அடிக்கல.”

ஆகவே மேலே நான் போடச் சொன்ன சண்டை எதையும் போடாதே. இந்தத் தாள்களைப் படமெடுத்து உன் ஃபோனுக்கு அனுப்ப இலீதியுவிடம் கொடுக்கிறேன், தபாலை நம்பிப் பயனில்லை. ஆகஸ்டும் வேண்டாம், கிறிஸ்துமஸும் வேண்டாம், இதைப் படித்ததும் புறப்படு. நேராக டவுனுக்குப் போ, இங்கே அப்புறம் வரலாம். அந்த வயரைப் பிடுங்கச் சொன்னேனே, வேண்டாம், இருக்கட்டும். அது கத்திக்கொண்டிருக்கும் வரை உனக்கு நேரமிருக்கிறது.

மத்தியானம் தாண்டிவிட்டது. இன்றைக்கு அது இன்னும் கத்தவில்லை.