தரைநின்ற சம்பான் பர்வம்

மூவார் ஆற்றங்கரையின் வெண்துகில் வேந்தே! சவுக்கார நுரைக்கடலில் நாள்தோறும் நீந்தும் நெடுங்கையோனே! துவைகல் அதிர அழுக்குப் படைகளை அறைந்து வீழ்த்தும் சலவைச் செம்மலே, சபாபதியே, நீ வாழி! உன் சமரைச் சொல்லப் புகும் இந்த எளிய நாவுக்குச் சித்திரை மாதத்து இடியோசையே துணை நிற்பதாக!

அன்று காலை, சிங்கப்பூரிலிருந்து தந்திக்கம்பி வழியே ஓடிவந்த செய்தியொன்று தபாலாபீஸ் பலகையில் ஏறி நின்று ஊரை உலுக்கியது. பேரிடி இடிக்கும், பெருங்காற்று வீசும், ஆறு கரைகடந்து தாழ்ந்த இடங்களை விழுங்கும் என்றது அது. ஊரிலேயே தாழ்ந்த இடம் சபாபதியின் வீடு. அவ்வீட்டினுள்ளேயோ, மறுநாள் விடிந்ததும் தாலி கட்டவிருந்த கணக்கெழுதும் கிராணி ராஜசேகரனின் கல்யாண வேட்டியும், மணப்பந்தலில் விரிக்கும் வெள்ளைகளும் அன்னக்கூட்டம்போல் மடிந்து மூட்டைக்குள் உறங்கின. அவை நனைந்தால் சபாபதியின் மானமும் நனையும். மூட்டையை அப்போதே மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிடலாமே என்று கேட்காதீர்கள். மாவீரர்களின் கண்ணுக்கு எளிய வழிகள் தென்படுவதில்லை.

அவன் கண்ணுக்குத் தென்பட்டது, எதிரே அப்துல் ஹலீமின் மளிகைக்கடைத் தகரக்கூரையின் இறவாரத்தடியில் நெடுங்காலமாகக் கவிழ்ந்து கிடந்த சம்பான் என்னும் சிறுபடகு. மூட்டையோடு அவன் அதை நோக்கிப் பாய்ந்த அதே கணத்தில், மறுபுறமிருந்து பாய்ந்தாள் பால்காரி சந்திரமதி, இளங்கன்றைத் தோளில் சுமந்த வீராங்கனை! இருவர் கரங்களும் ஒருசேர விளிம்பைப் பற்றின. கல்லாவைவிட்டு நகராமலேயே ஹலீம் தீர்ப்பளித்தார்:

“ஏன் சத்தம்? பழைய சம்பான், ரெண்டு பேரத் தாங்காது. ஏறி ஒக்காருங்க. கடைசி வரைக்கும் யாரு எறங்காம இருக்காங்களோ, அவங்களுக்குத்தான்!”

சம்பானை நிமிர்த்தியதும், கட்டைவிரல் நுழையும் ஓட்டையொன்று அதன் அடிப்பலகையில் இளித்தது. கோட்டைச் சுவரின் பிளவைக் கண்ட தளபதிபோல் சீறிய நம் நாயகன், கந்தல் திணித்து, தார் பூசி, குதிகாலால் மிதித்து, காற்றும் கசியாதபடி அதை அடைத்தான். பிறகு ஒரு முனையில் மூட்டையும் அவனும், மறுமுனையில் கன்றும் அவளுமாக, சொட்டு நீருமற்ற தரைமேல் அந்தக் கப்பல் புறப்படாமல் புறப்பட்டது.

உச்சி வெயில் கொளுத்தியது.

“அண்ணே, வீட்டுல சோறு ஆறிப்போவுது. சாப்பிட்டு வாங்களேன்.”

“ஒன் மாடு கத்துது தங்கச்சி. அதப் போய்ப் பாரு மொதல்ல.”

கன்று மூட்டையின் நுனியைச் சுவைக்கத் தொடங்கியது. விரட்ட வேண்டுமானால் எழ வேண்டும், சபாபதி எழவில்லை.

பிற்பகலில் திசைகள் கறுத்தன. ஆயிரம் பீரங்கிகள் ஒருங்கே முழங்கினாற்போல் வானம் அதிர, மின்னல் வாள்கள் உறைகழன்று சுழல, மழையென்னும் மாபெரும் சேனை தகரக்கூரைமேல் குதித்து, கூடி, உருண்டு, இறவாரம் வழியே சம்பானுக்குள் அணியணியாய் இறங்கியது. ஒழுகாத தன் வீடு கூப்பிடு தூரத்தில் நின்றும், நாயகன் அசையவில்லை. ஆறோ கரைவரை வந்து, புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. சம்பானுக்குள் மட்டும் வெள்ளம் கணுக்காலை வென்று, முழங்காலைப் பிடித்து, இடுப்பை முற்றுகையிட்டது. அறிவிற் சிறந்த கன்று வெளியே குதித்துக் கொட்டகைக்கு ஓட, அதன் பின்னே சந்திரமதியும் ஓடினாள்.

வெற்றி! கொழுக்கட்டைபோல் மிதந்த மூட்டையைத் தழுவியபடி சபாபதி எழுந்து நின்று, விண்ணதிர முழங்கினான்:

“சம்பான் எனக்குத்தான்!”

கொட்டகையிலிருந்து பதில் வந்தது:

“நீங்களே வச்சிக்கிங்க அண்ணே! என்னமா அடைச்சிருக்கீங்க, ஒரு சொட்டு வெளிய போவலயே!”

மறுநாள் காலை ராஜசேகரன் ஈர வேட்டியோடு தாலி கட்டினார்.